ஸ்பிரிங்கை ‘ஹார்டா’ வைத்தால் வேகம் கூடுமா? ரிமோட் ரேஸ் கார்களின் சஸ்பென்ஷன் கணக்கு

ஐந்து நிமிட ரேஸ். ஒரு சுற்றுக்கு 15 விநாடி. ஆக மொத்தம் 20 சுற்று. ஸ்பிரிங்கை மாற்றியதில் சுற்றுக்கு 0.2 விநாடி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேஸ் முடியும்போது 4 விநாடி லாபம். ரிமோட் கார் ரேஸில் 4 விநாடி என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால், அதே ஸ்பிரிங்கால் 11-வது சுற்றில் ஒரு வளைவில் கார் உருண்டு மல்லாந்துவிட்டால்? டிராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல் ஓடி வந்து நிமிர்த்த வேண்டும். (மார்ஷல் என்றால் பெரிய அதிகாரி இல்லை. பெரும்பாலும் முந்தைய ரேஸை முடித்துவிட்டு வந்த போட்டியாளர்தான்.) அதற்கே அஞ்சாறு விநாடி போயிடும். 20 சுற்றும் சேர்த்துவைத்த லாபம் ஒரே வளைவில் காலி.

ஆர்.சி. கார் ரேஸுக்குப் புதிதாக வருபவர்கள் சஸ்பென்ஷனில் கைவைக்கும்போது முதலில் செய்வது, இருப்பதிலேயே விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டுவது. டி.வி.யில் பார்க்கும் ஃபார்முலா 1 கார்கள் தரையோடு தரையாக, அசையாமல் போகின்றன இல்லையா? ‘ரேஸ் கார்னா ஹார்டாத்தான் இருக்கணும்’ என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. ஆனால், ஃபார்முலா 1 கார் விறைப்பாக இருப்பதற்கு முக்கியக் காரணம் காற்று. காரை அழுத்தும் காற்றின் விசை சீராகக் கிடைக்க, தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரம் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் கையிலிருக்கும் ஒன்றரைக் கிலோ காருக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

அப்படின்னா இந்தச் சின்ன காரில் ஸ்பிரிங்கின் விறைப்பு என்னதான் செய்கிறது? அதைப் பார்ப்பதற்கு முன், சின்ன காருக்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

கார் சுருங்கியது, புவியீர்ப்பு சுருங்கவில்லை

ரேஸ் ஓட்டுபவர்களிடம் ‘பொம்மைக் கார்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கடையில் கிடைக்கும் பொம்மையில் ஸ்பிரிங் பெரும்பாலும் அலங்காரம். ரேஸுக்கான ஆர்.சி. காரில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஆயில் நிரப்பிய ஷாக், ஆன்டி-ரோல் பார் என நிஜ ரேஸ் காரில் உள்ள எல்லாமே உண்டு.

அதிகம் ஓட்டப்படும் அளவுகளில் ஒன்று 1/10. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் பெருக்கினால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். 1,350 கிலோ கார் 1.35 கிலோவாக வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், 1/10 டூரிங் கார் ஏறக்குறைய அந்த எடையில்தான் இருக்கிறது. ஆனால், வேகம் மட்டும் சுருங்கவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் அது ஓடும்போது, அளவுக்குத் தகுந்தபடி பார்த்தால் நிஜ கார் 500 கிலோமீட்டரில் ஓடுவதற்குச் சமம். தரையில் 5 மில்லிமீட்டர் மேடு இருந்தால், அது நிஜ காருக்கு 5 சென்டிமீட்டர் மேடு. தளம் சமமாக இருக்கும் டிராக்கில் டூரிங் காரின் அடித்தட்டே தரையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று, ஆட்டத்தின் வேகம். நீளமான கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் மெதுவாக ஆடும், குட்டைக் கயிற்று ஊஞ்சல் படபடவென ஆடும். இரண்டையும் ஆட்டுவது ஒரே புவியீர்ப்புதான். அதே விதியில், ஒரு காரைப் பத்தில் ஒரு பங்காக அப்படியே சுருக்கினால் அதன் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடிவிடும் (10-ன் வர்க்கமூலம் 3.16). நிஜ காரில் ஒரு விநாடி எடுக்கும் குலுக்கல் இதில் மூன்றில் ஒரு பங்கு விநாடியில் முடிந்துவிடும். கண் சிமிட்டினால் போச்சு.

எந்த டயருக்கு எவ்வளவு பாரம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கார் இடது பக்கம் திரும்பும்போது அதன் பாரம் வலது பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்வது போல. கார் விறைப்பாக இருந்தால் இந்த நகர்வு குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை.

எவ்வளவு பாரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்றே விஷயங்கள்: எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், வளைவில் எவ்வளவு விசையோடு திரும்புகிறீர்கள். 1,400 கிராம் கார், எடை மையம் 25 மில்லிமீட்டர் உயரம், சக்கர இடைவெளி 165 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில் திரும்பும்போது சுமார் 210 கிராம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை. நீங்கள் இரும்புக் கம்பியை மாட்டினாலும் ரப்பர் பேண்டை மாட்டினாலும் ஏறக்குறைய அதே 210 கிராம்தான். (இளக்கமான கார் சாயும்போது எடை மையம் கொஞ்சம் விலகும். இவ்வளவு தாழ்வான காரில் அது சொற்பம்.)

அப்ப ஸ்பிரிங் எதற்கு? அந்த 210 கிராமில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதற்கு.

காரின் அடித்தட்டு ஒரே பலகை. சாய்ந்தால் முன்னும் பின்னும் ஒரே கோணத்தில்தான் சாயும். ஒரே கோணத்துக்கு விறைப்பான ஸ்பிரிங் அதிகமாக எதிர்த்து நிற்கும். எதிர்த்து நிற்பவன் தலையில்தானே சுமை ஏறும்? இரண்டு பக்கமும் சம விறைப்பு என்றால் முன்னால் 105, பின்னால் 105. முன் ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் முன்னால் 140, பின்னால் 70.

சரி, முன்னால் அதிகப் பாரம் நகர்ந்தால் நல்லதுதானே, பிடிமானம் கூடுமே? இங்கேதான் டயர் தன் குணத்தைக் காட்டுகிறது. டயர் மீது பாரம் கூடக்கூட பிடிமானம் கூடும். ஆனால், அதே விகிதத்தில் கூடாது. இரண்டு பேர் ஆளுக்கு 10 கிலோ தூக்கிக்கொண்டு நடந்தால் சுலபமாகப் போய்ச் சேர்வார்கள். ஒருவர் 18, இன்னொருவர் 2 என்று மாற்றினால்? மொத்தம் அதே 20-தான். ஆனால், இவர் படும் பாட்டை அவருடைய சௌகரியம் ஈடுகட்டாது.

எண்ணாகவே பார்ப்போம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. முன்பக்க டயர்கள் இரண்டும் 350 கிராம் வீதம் சமமாகச் சுமக்கும்போது மொத்தப் பிடிமானம் 840 என்று வைப்போம். 105 கிராம் நகர்ந்தால் வெளிச் சக்கரத்தில் 455, உள் சக்கரத்தில் 245. பிடிமானம் 828 ஆகக் குறையும். 140 கிராம் நகர்ந்தால் 818. அதே நேரம் பின்னால் 70 கிராம் மட்டுமே நகர்ந்ததால் அங்கே 834. ஆக, முன்பக்கம்தான் முதலில் கைவிடும்.

அதாவது, எந்தப் பக்கம் விறைப்பாக்குகிறீர்களோ அந்தப் பக்கம்தான் பிடிமானத்தை இழக்கிறது. முன்பக்கம் விறைத்தால் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் கார் நேராகவே போகும். இதை ரேஸ் ஓட்டுபவர்கள் ‘புஷ்’ என்பார்கள். பின்பக்கம் விறைத்தால் வால் வீசும், அது ‘லூஸ்’. கார் லூஸாக இருக்கிறது என்று பின் ஸ்பிரிங்கை இறுக்குபவர் பிரச்சினையை இன்னும் பெரிதாக்குகிறார். ‘லூஸ்’ என்ற வார்த்தையே அந்தத் திசையில்தான் கையைப் பிடித்து இழுக்கும்!

இதே கணக்கைத்தான் பெரிய கார்களுக்கும் போடுகிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கை ரேஸ் காரோடு வருவார்கள். அவர்கள் முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங், ஆன்டி-ரோல் பார் தேர்வு செய்யும்போது எழுதும் சமன்பாடும் இதேதான். கிராமுக்குப் பதில் கிலோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா, ஹார்டா மாத்தினதும் வண்டி நல்லா திரும்புதே?

இந்தக் கேள்வி வரும். வர வேண்டும். ஏனென்றால், முன் ஸ்பிரிங்கை விறைப்பாக மாற்றிய உடனே கார் சொன்னபடி கேட்பது போலத் தெரியும்.

காரணம், நேரம். இளக்கமான ஸ்பிரிங் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் முதலில் சாய்ந்து, சாய்வு நின்ற பிறகே வெளி டயர் முழுப் பாரத்தையும் வாங்கும். விறைப்பான ஸ்பிரிங்கில் அந்த இடைவெளி குறைவு. அதனால் வளைவின் வாசலில் கார் ‘சட்’டென்று முகத்தைத் திருப்பும். ஓட்டுபவருக்குப் பரம சந்தோஷம். வளைவின் நடுவில் போகும்போதுதான் பங்கு பிரிப்பு வேலையைக் காட்டும். மூக்கு வெளியே ஓட ஆரம்பிக்கும்.

‘வாசலில் எப்படி, நடுவில் எப்படி, வெளியேறும்போது எப்படி’ என்று ஒரு வளைவை மூன்றாக வெட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். ‘வண்டி திரும்பல’ என்ற ஒரே புகாருக்கு, எந்த இடத்தில் திரும்பவில்லை என்பதைப் பொறுத்து வெவ்வேறு மருந்து.

நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவே

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கார் குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதியை அடக்குவது ஷாக்கில் இருக்கும் ஆயில். 1984-ல் வந்த டமியாவின் கிராஸ்ஹாப்பர் உலகம் முழுக்கப் பல பேருக்கு முதல் ரிமோட் பக்கி. அதன் ஷாக்கில் ஆயில் கிடையாது. ஸ்பிரிங்கும் உராய்வும்தான். அதே 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி.10 என்ற காரைக் கொண்டுவந்தது. அதில் அலுமினியத்தில் செய்த, ஆயில் நிரப்பிய ஷாக்குகள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த 1/10 ஆஃப்-ரோடு உலகப் போட்டியில், இரு சக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி அந்தக் காரில்தான் ஜெயித்தார். ஆயில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், அதற்குப் பிறகு ரேஸுக்கென்று வந்த கார்களில் ஆயில் ஷாக் என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயமாகிவிட்டது.

ஷாக்குக்குள் ஒரு சின்ன பிஸ்டன். அதில் ஊசியால் குத்தியது போன்ற ஓட்டைகள். சக்கரம் மேலே ஏறும்போது பிஸ்டன் ஆயிலுக்குள் நகரும், ஆயில் அந்த ஓட்டைகள் வழியாக அடித்துப்பிடித்து வெளியேறும். அந்தத் தடைதான் குதியை அடக்குகிறது. ஊற்றுவது சிலிகான் ஆயில். அதன் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீர் ஏறத்தாழ 1. ஆர்.சி. பக்கிகளில் 300, 400, 500 என்று போகும். நம் வீட்டு அளவில் சொன்னால், நல்லெண்ணெயை விடக் கெட்டி, விளக்கெண்ணெயை விட நீர்ப்பு.

சில பாட்டில்களில் 30, 35, 40 என்று வேறு எண்கள் இருக்கும். இதில் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 30-ம் இன்னொரு நிறுவனத்தின் 30-ம் ஒரே கெட்டித்தன்மையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்பிரிங்கிலும் இதே கூத்து. விறைப்பைக் காட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நிறம் பூசும், ஆனால் எல்லாருக்கும் பொதுவான நிறப் பட்டியல் கிடையாது. ஒருவருடைய ‘மஞ்சள்’ இன்னொருவருடைய ‘மஞ்சள்’ அல்ல. ஆயில் என்றால் சென்டிஸ்டோக்ஸ், ஸ்பிரிங் என்றால் மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று எண்ணைக் கேட்டு வாங்குவதே பர்ஸுக்கு நல்லது.

ஸ்பிரிங் எவ்வளவு பாரம் எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், அது எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதை ஆயில் தீர்மானிக்கிறது. சீரான நீண்ட வளைவில் கார் ஒரு சாய்வில் நிலைத்துவிட்ட பிறகு ஆயிலுக்கு வேலையே இல்லை. ஆனால், இடம் வலம் என்று அடுத்தடுத்து வளையும் டிராக்கில் கார் ஒரு சாய்விலும் நிலைப்பதற்கே நேரம் கிடைக்காது. அங்கே ஆயில்தான் ராஜா.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு இந்தத் தலைப்பில் ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். கெட்டியான ஆயிலும் பெரிய ஓட்டையும் உள்ள ஷாக், நீர்த்த ஆயிலும் சின்ன ஓட்டையும் உள்ள ஷாக் இரண்டையும் கையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்று போலவே இருக்கும்படி அமைத்துவிடலாம். டிராக்கில் விட்டால் இரண்டும் வேறு வேறு கார். ஒரு மீட்டர் உயரம் தாவி வந்து தரையில் விழும்போது பிஸ்டன் படுவேகமாக நகரும். சின்ன ஓட்டையில் ஆயில் அவ்வளவு வேகமாகப் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். அந்த நொடியில் ஷாக் கிட்டத்தட்ட பூட்டிக்கொள்கிறது. இதை ‘பேக்’ ஆவது என்பார்கள்.

பெரிய தாவல்கள் உள்ள டிராக்கில் கொஞ்சம் பேக் ஆவது வரம். அடித்தட்டு தரையில் ‘டப்’ என்று அறையாமல் காப்பாற்றும். தாவல் இல்லாமல் பொடிப்பொடி மேடுகள் நிறைந்த டிராக்கில் அதே பேக் சாபம். மேட்டில் சக்கரம் சட்டென்று ஏற முடியாமல், காரையே தூக்கி அடிக்கும். மேட்டில் கார் துள்ளுகிறது என்பதற்காக ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, பிரச்சினை பல சமயம் பிஸ்டன் ஓட்டையில் இருக்கும்.

வெயிலும் இதில் விளையாடும். சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். காலைப் பயிற்சியில் பட்டுப் போல ஓடிய கார் மதிய ரேஸில் குதிரையாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 50 சென்டிஸ்டோக்ஸ் கூட்டி ஊற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நாலு மில்லிமீட்டர் தள்ளினால் புது ஸ்பிரிங்

விறைப்பை மாற்ற ஸ்பிரிங் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ரேஸ் காரின் கீழ் ஆர்மைப் பாருங்கள். ஷாக்கை மாட்ட ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருக்கும். இது வெறும் நெம்புகோல். ஆர்மின் கீலிலிருந்து சக்கரம் 80 மில்லிமீட்டர் தூரம், ஷாக் 40-ல் மாட்டியிருக்கிறது என்றால், சக்கரம் ஸ்பிரிங்கின் விறைப்பில் கால் பங்கை மட்டும்தான் உணரும் (பாதியின் வர்க்கம்). ஷாக்கை 4 மில்லிமீட்டர் வெளியே தள்ளி அடுத்த ஓட்டையில் மாட்டினால் அது 30 சதவீதமாகிவிடும். ஸ்பிரிங் அதேதான். சக்கரத்துக்கோ 21% விறைப்பு கூடிவிட்டது. ஷாக்கின் ஆயில் தடையும் கூடவே அதே அளவுக்குக் கூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஆன்டி-ரோல் பாரிலும் இப்படி ஒரு ஆச்சரியம் உண்டு. அது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் மெல்லிய கம்பி. கார் நேராக மேடு ஏறும்போது சும்மா இருக்கும், சாயும்போது மட்டும் எதிர்க்கும். இந்தக் கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 1.2 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 1.3 மாட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. விறைப்போ 38% கூடிவிடும்.

எது விறைப்பை மாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஆள் உட்காரப்போகிறார் என்றால் பைக் ஷாக்கைத் திருகி ‘டைட்’ வைப்போம் இல்லையா? ஆர்.சி. காரிலும் ஷாக்கின் மேல் அதே மாதிரி ஒரு வளையம் உண்டு. அதைத் திருகினால் கார் உயரும், அவ்வளவுதான். மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று பிறந்த ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். பைக்கிலும் இதே கதைதான் என்பது மெக்கானிக் கடையில் கிளம்பும் விவாதங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்.

தரை சொல்வதைக் கேட்க வேண்டும்

ஒரே காரை மண் டிராக்கிலும், தார் டிராக்கிலும், உள்ளரங்கக் கார்ப்பெட்டிலும் ஓட்டுகிறார்கள். மண்ணில் பிடிமானம் குறைவு, மேடு பள்ளம் அதிகம். டயர் தரையை விட்டு எழும்பாமல் ஒட்டிக்கொண்டே போவதுதான் அங்கே முதல் வேலை. அதற்கு இளக்கமான ஸ்பிரிங், நிறைய அசைவு. கார் சாய்ந்து ஆடிக்கொண்டு போவதைப் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நேரம் நன்றாக வரும்.

கார்ப்பெட் இதற்கு நேர்மாறு. தளம் சமம், பிடிமானம் மிக அதிகம். சில நேரம் தேவைக்கு மேல். வளைவில் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்தால் கார் நழுவும், அவ்வளவுதான். வழுக்கவே மாட்டேன் என்று டயர் அடம்பிடித்தால், பாரம் முழுக்க வெளிச் சக்கரத்துக்குப் போய் உள் சக்கரங்கள் தூக்கி, கார் உருண்டுவிடும். ஆரம்பத்தில் சொன்ன 11-வது சுற்று இப்படித்தான் நடக்கிறது. இதன் பெயர் ‘டிராக்‌ஷன் ரோல்’. பிடிமானம் குறைந்ததால் வரும் விபத்து அல்ல, கூடியதால் வரும் விபத்து.

இதற்கு என்ன செய்வது? முன்னே போட்ட கணக்கு இங்கே உதவும். நகரும் பாரத்தைக் குறைக்க உயரத்தைக் குறைக்கலாம், அகலத்தைக் கூட்டலாம். பொதுவாகக் கவிழ்வது முன் வெளிச் சக்கரம் தரையைக் கவ்வுவதால் என்பதால், முன்பக்கத்தை விறைப்பாக்கி அதன் பிடிமானத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைக்கலாம். ஆக, கார்ப்பெட்டில் விறைப்பான ஸ்பிரிங் மாட்டுவது பிடிமானத்தைக் கூட்ட அல்ல. பல நேரம் குறைக்கத்தான்! அந்த முன் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு மண் டிராக்கில் மாட்டுபவருக்கு என்ன நடக்கும் என்பதை நீங்களே யூகித்துவிடுவீர்கள்.

சாம்பியன்களின் செட்டிங் தாளை அப்படியே நகலெடுப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். முன்னணி அணிகள், எந்த ஸ்பிரிங், எந்த ஆயில், எந்த ஓட்டை என்று ஒரு தாளில் நிரப்பி வெளியிடுவது இந்த விளையாட்டில் வழக்கம். தாராள மனசுதான். ஆனால், அந்தத் தாளில் உள்ள எண்கள் அந்தத் தரைக்கும், அன்றைய வெயிலுக்கும், அந்த டயருக்கும், முக்கியமாக அந்த விரல்களுக்கும் எழுதப்பட்டவை. ஐ.எஃப்.எம்.ஏ.ஆர். உலகப் பட்டத்தை 14 முறை வென்ற ஜப்பானின் மசாமி ஹிரோசாகாவுக்குப் பொருந்திய ஒரு விறைப்பான கார், ஸ்டியரிங்கைப் படபடவென இழுப்பவர் கையில் சுற்றுக்கு ஒருமுறை சுவரைத் தேடும்.

சீட் இல்லாத டிரைவர்

நிஜ ரேஸ் டிரைவருக்கு முதுகே ஒரு மீட்டர். பின்பக்கம் நழுவத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே இடுப்பில் தெரிந்துவிடும். ஆர்.சி. ஓட்டுபவர் டிராக் ஓரத்து மேடையில், கையில் ரிமோட்டோடு, காரிலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கிறார். அவருக்கு இருப்பது கண் மட்டும். அதுவும் முன்னே சொன்னபடி மூன்று மடங்கு வேகத்தில் ஆடும் காரைப் பார்க்கும் கண்.

இதனால்தான் ‘ஹார்ட்’, ‘சாஃப்ட்’ என்ற வார்த்தைகள் இங்கே அதிகமாக ஏமாற்றுகின்றன. விறைப்பான கார் மேடையிலிருந்து பார்க்க வேகமாகத் தெரியும். வெடுக் வெடுக்கென்று திரும்பும், சாயாது, சத்தம் வேறு. இளக்கமான கார் சோம்பேறியாகத் தெரியும். டைமிங் திரை சில நேரம் நேர் எதிராகச் சொல்லும். அதிலும் ஒரே ஒரு சிறந்த சுற்றைப் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடத்தின் சராசரியைப் பார்க்க வேண்டும். 14.6 விநாடியில் ஒரு சுற்று போட்டுவிட்டு அடுத்ததில் 16-க்குப் போகும் கார், எல்லாச் சுற்றையும் 15.0-ல் முடிக்கும் காரிடம் தோற்கும்.

கண்ணுக்கு உதவ ஒரு கருவி இப்போது எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. மொபைலின் ஸ்லோ மோஷன். ஒரு வளைவின் ஓரத்தில் நண்பர் ஒருவரை நிறுத்தி நாலைந்து சுற்று எடுக்கச் சொல்லுங்கள். உள் முன்சக்கரம் தூக்குகிறதா, மேட்டில் கார் முழுசாக எழும்புகிறதா அல்லது சக்கரம் மட்டும் ஏறி இறங்குகிறதா, தாவி விழும்போது எது முதலில் தரையைத் தொடுகிறது என்பதெல்லாம் தெரியும். மேடையில் நின்று அரை மணி நேரம் வாதாடுவதை இது மிச்சப்படுத்தும்.

புதிதாகத் தொடங்குபவர் எங்கே ஆரம்பிப்பது?

டயரில். இதைச் சொன்னால் சப்பென்றிருக்கும், ஆனால் தரைக்குப் பொருந்தாத டயரை எந்த ஸ்பிரிங்கும் காப்பாற்றாது. அந்த டிராக்கில் எல்லாரும் போடும் டயரைப் போட்டுவிட்டு, காருடன் வந்த கையேட்டில் உள்ள செட்டிங்கில் முதலில் ஓட்டுங்கள்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஸ்பிரிங்கையும் ஆயிலையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று சாமிக்குத்தான் தெரியும். மாற்றி ஓட்டிய பிறகு பழையதைத் திரும்ப மாட்டி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. இரண்டாவது ஓட்டத்தில் நேரம் குறைந்ததற்குக் காரணம் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம், டிராக் உங்களுக்குப் பழகிவிட்டதாகவும் இருக்கலாம். பழையதை மாட்டினால்தான் குட்டு வெளிப்படும். மாற்றும்போது சின்னதாக மாற்றாமல் முதலில் பெரிதாக மாற்றுவது நல்லது. இரண்டு படி விறைப்பு கூட்டினால்தான் அனுபவம் இல்லாத கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். தெரிந்த பிறகு ஒரு படி இறங்கிக்கொள்ளலாம்.

ஆஃப்-ரோடு பக்கி என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய காரை ஒரு அடி உயரத்தில் தரைக்கு இணையாகப் பிடித்து, அப்படியே விடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேகத்தில் அமுங்கி, ஒரே வேகத்தில் எழுந்து, ஒரே தடவையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இரண்டாவது முறை குதித்தால் அங்கே ஆயில் நீர்ப்பு, அல்லது ஷாக்குக்குள் காற்றுக் குமிழி புகுந்திருக்கிறது. முதலில் குமிழியைப் பாருங்கள். மூடியைத் திறந்து, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் மேலே வந்து உடையும்வரை ஷாக்கைச் சில நிமிடம் நிமிர்த்தி வைத்தால் போதும். அதற்குப் பிறகும் குதித்தால் அடுத்த பாட்டிலை எடுக்கலாம்.